மயக்கம் கொடுத்த பிறகும் எதற்கு இன்னொரு ஊசி?

கேள்வி: என் தம்பிக்கு வயது 34, எடை 128 கிலோ. இரைப்பையைச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சைக்கு, அதுவும் லேப்ராஸ்கோப்பியில், நாள் குறித்திருக்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்துவிட்டு, வயிற்றில் ‘நரம்பு பிளாக்’ ஊசியும் போடுவார்களாம். முழு மயக்கம் இருக்கும்போது இது எதற்கு? கால் மரத்துவிடாதா? – ஒரு சகோதரி, கரூர்.

பதில்: தம்பி குறட்டை விடுவாரா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! இந்த எடையில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். மயக்கம் தெளிந்ததும் வலி தொடங்கும். அதற்கு மார்ஃபின் வகை மருந்துகளைத் தாராளமாகக் கொடுத்தால் மூச்சு இன்னும் மந்தமாகும், குமட்டலும் கூடும். இரவு முழுக்க நர்ஸ் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்க வேண்டும். அந்த மருந்துகளைக் குறைக்கத்தான், வயிற்றுச் சுவர் நரம்புகளை மரக்கச் செய்யும் இந்த பிளாக். குறட்டையைப் பற்றி மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடாமலிருக்க முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவி வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நாங்கள் பெரும்பாலும் போடுவது ‘டாப் பிளாக்’. பக்கவாட்டு வயிற்றுச் சுவரில் தசை மூன்று அடுக்காக இருக்கிறது. உள்ளிருக்கும் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நரம்புகள் ஓடுகின்றன. அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, விலா எலும்புகளுக்குக் கீழே இரு பக்கமும் ரோபிவகேன் அல்லது புபிவகேன் என்னும் மரப்பு மருந்தை அங்கே செலுத்துவோம். கொழுப்பு தடித்திருந்தால் ஊசி முனையைத் திரையில் கண்டுபிடிப்பதே பாதி வேலை. மருந்தின் அளவை 128 கிலோவுக்குக் கணக்கிடுவதில்லை. அவருடைய உயரத்துக்கு இருக்க வேண்டிய எடைக்குத்தான் கணக்கு. அளவு மீறினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். அப்போது ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து என்ன தெரியுமா? 20 சதவீதக் கொழுப்புக் கரைசல்! கொழுப்பைக் குறைக்க வந்த இடத்தில் கொழுப்பே காப்பாற்றுகிறது.

இது முதுகுத்தண்டில் போடும் ஊசி அல்ல. ஆகவே கால் பொதுவாக மரக்காது. முடிந்தால் அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வோம். காலில் ரத்தம் உறையாமலிருக்க அது அவசியம்.

ஆனால், பிளாக் தணிப்பது தோலிலும் தசையிலும் உள்ள வலியை மட்டுமே. இரைப்பை உள்ளே பிசைவதும், வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடால் தோள்பட்டை குத்துவதும் இருக்கவே செய்யும். “ஊசி வேலை செய்யவில்லை” என்று இரவு டூட்டி டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். வலி ஏறிக்கொண்டே போய், நாடித் துடிப்பும் வேகமாகி, காய்ச்சலும் அடித்தால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். இரைப்பைத் தையலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிளாக்கின் பலன் பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம்; சிலருக்கு ஒரு நாள்கூட நீடிக்கும். அது குறையும் முன்பே பாராசிட்டமால் நேரம் தவறாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனையில் இந்த பிளாக்கில் பழகிய கை இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். துளையிட்ட இடங்களில் சர்ஜனே மரப்பு மருந்து போடுவதும் நல்ல வழிதான் என்பது என் கருத்து.

வீட்டுக்கு வந்த பின் வலிக்கிறதென்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தராதீர்கள். இரைப்பையில் புண் வரலாம். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். எந்த மாத்திரை என்றாலும் முதலில் சர்ஜனைக் கேளுங்கள்.