கும்மியா உறையில் ஒரு நட்சத்திரம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகன் மொராக்கோவின் மராகேஷ் நகரக் கடைவீதியில் வளைந்த குத்துவாள் ஒன்று வாங்கி வந்திருக்கிறான். உறையில் ஆறுமுனை நட்சத்திரம், யூதர்களின் சின்னம் போல. "யூதத் தட்டார் செய்தது, நூறு வருஷப் பழசு" என்றாராம் கடைக்காரர். நட்சத்திரத்தை வைத்து அப்படிச் சொல்லலாமா?

மு.

அன்புள்ள மு.,

நட்சத்திரத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கத்திக்குக் கும்மியா என்று பெயர் (நம் கும்மிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). மொராக்கோவில் ஆறுமுனை நட்சத்திரம் சுலைமானின் (பைபிளில் வரும் சாலமோன் அரசர்தான், முஸ்லிம்களுக்கு நபி) முத்திரை. 19ஆம் நூற்றாண்டு சுல்தான்களின் காசுகளிலேயே அது இருக்கிறது. ஐந்துமுனை நட்சத்திரத்துக்கும் அதே பெயர்தான்; 1915இல் மொராக்கோ கொடியில் ஏறியது இந்த இரண்டாவது. ஐந்து அங்கே கண்ணேறு கழிக்கிற எண் வேறு.

ஆனால் கடைக்காரர் சொன்னதை முழுப்பொய் என்றும் தள்ள முடியாது. அட்லஸ் மலை ஊர்களிலும் தெற்கே சூஸ் பகுதியிலும் வெள்ளி வேலை பெரும்பாலும் யூதத் தட்டார்களிடம்தான் இருந்தது. வாங்குகிற முஸ்லிம் கேட்டதை அவர்கள் செய்து கொடுத்தார்கள். 1948க்குப் பிறகு பெருவாரியாக இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் செய்த உறைகளில் நட்சத்திரம் இல்லாதவையும் உண்டு, அதுதான் சிக்கல்.

சஹாராவின் துவாரெக் மக்கள் இடது முன்கையில் கட்டிக்கொள்ளும் தெலக் கத்திக்கும் இதே கதி. அதன் பிடி சிலுவை போலிருப்பதைப் பார்த்துவிட்டு, இவர்கள் பழைய கிறிஸ்தவர்கள் என்று ஐரோப்பியர் சிலர் கதை கட்டினார்கள். குறுக்குக் கட்டை இருந்தால் விரல்களுக்கு நல்ல பிடிமானம், எனக்கு அந்தக் காரணமே போதும்.

சரி, பழசா புதுசா? அலகை உருவிப் பாருங்கள். கும்மியாவில் முனைப்பக்கத்து வளைவுக்குத்தான் கூர் இருக்கும், பிடியருகே மொக்கை. எங்குமே தீட்டாத வெறும் தகடு என்றால் சுற்றுலாப் பயணிக்காகச் செய்தது. அப்புறம், உறையின் மேல்பக்கம் இரண்டு காதுகளும் அவற்றில் வளையங்களும் இருக்குமே, கம்பளிக் கயிற்றையோ பட்டுக் கயிற்றையோ அவற்றில் கோத்து வலது தோளில் மாட்டி, கத்தியை இடது பக்கம் தொங்கவிடுவார்கள். வருஷக்கணக்கில் தொங்கிய உறையில் வளையம் உராய்ந்து காது தேய்ந்திருக்கும். நான் முதலில் அந்தக் காதைத்தான் பார்ப்பேன்.

வெள்ளியில் கறுப்புக் கோடுகள் இருந்தால் அது அழுக்கில்லை. வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கிப் பள்ளங்களில் நிரப்புகிற நியெல்லோ வேலையாக இருக்கலாம். பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட வேண்டாம் என்று மருமகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.