கூத்து ஜமாவுக்கு நிதியுதவி: ‘முப்பது பர்சன்ட் எனக்கு’ என்பவரை என்ன செய்வது?

கேள்வி: செய்யாறு பக்கத்தில் அப்பா காலத்திலிருந்து கூத்து ஜமா நடத்துகிறோம். மொத்தம் 14 பேர். 2016-இல் நாடக மன்றம் என்று சங்கப் பதிவு செய்தோம். பெண்பிள்ளைகளுக்குக் கூத்து சொல்லித்தரவும், அவர்களை வைத்துப் புதிதாக ஒரு கூத்து கட்டவும், நல்ல விளக்குகள் வாங்கவும் ஆசை. கலைக்குழுக்களின் வளர்ச்சிக்கும் புது முயற்சிக்கும் ஓர் அறக்கட்டளை 20 லட்சம் தருகிறது, வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். முன்பணம் 50,000 ரூபாய், பணம் வந்ததும் 30 சதவீதம் என்கிறார். மன்றத்தின் லெட்டர்பேடும் சீலும் கேட்கிறார். டொரன்டோவில் இருக்கும் தாய்மாமனும் 3 லட்சம் அனுப்பத் தயாராக இருக்கிறார். எதைச் செய்வது?

பதில்: லெட்டர்பேடைக் கொடுக்காதீர்கள். சீலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.

கலைக்குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தே எனக்கு வயதாகிவிட்டது. விண்ணப்பிக்கக் காசு கேட்ட அறக்கட்டளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. காசு கேட்பவர் அறக்கட்டளையின் ஆள் அல்ல, வழியில் நிற்கிறவர். அந்த 50,000 ‘பிராசசிங் ஃபீஸ்’, ‘ஃபைல் மூவ்மென்ட்’, ‘டெல்லி செலவு’ என்று வெவ்வேறு பெயரில் வரும். எல்லாம் ஒரே பாக்கெட்டுக்குத்தான் போகும்.

30 சதவீதம் அதைவிட மோசம். முன்பணம் போனால் 50,000-தான் போகும். 30 சதவீதத்தில் மன்றமே போய்விடும். நிதி தருபவர் 20 லட்சத்துக்கும் செலவுக் கணக்கு கேட்பார். நீங்கள் 6 லட்சத்தைத் தரகர் கையில் ரொக்கமாகக் கொடுத்திருப்பீர்கள். அந்த 6 லட்சத்தை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? ‘கவலைப்படாதீங்க, பில் நான் தர்றேன்’ என்பார். அந்த பில்தான் கண்ணி.

இப்படி ஒரு மன்றத்தின் கணக்கு என்னிடம் வந்தது. ஊர் பெயர் வேண்டாம். நாலு லட்சத்துக்கு ‘மேடை உடை, அணிகலன்’ என்று ஒரு கடையின் பில்கள் இருந்தன. வரிசை எண் 41, 42, 43, 44. தேதியோ ஏழு மாத இடைவெளியில். ஏழு மாதமாக அந்தக் கடைக்கு வேறு ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லையா என்று கேட்டேன். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். முகவரியைத் தேடிப் போனால் அங்கே பழைய இரும்புக் கடை. அதிகாரி கேள்வி கேட்டு எழுதிய நோட்டீஸ் தரகர் பெயருக்குப் போகவில்லை. கையெழுத்துப் போட்டவர் பெயருக்கு, அவருடைய வீட்டு முகவரிக்கே வந்தது. தரகரின் போன் அதற்குள் சுவிட்ச் ஆஃப்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்தைச் சொல்லி வருபவர்களும் இதே ரகம்தான். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, ஓர் அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பாரம்பரியக் கலைகளை வளர்ப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு ‘50 லட்சம் உங்கள் கணக்கில் போடுவார்கள், 40-ஐ ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், 10 உங்களுக்கு’ என்று ஒருவர் வருவார். வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். காபிகூட வேண்டாம்.

முறையாகவே கேட்டாலும் சி.எஸ்.ஆர். பணம் உங்கள் மன்றத்துக்கு இப்போது வராது. வருமான வரித்துறையில் 12ஏ (மன்றத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று எல்லோரும் வழக்கமாகச் சொல்லும் இரண்டு பதிவுகள் வேண்டும். மூன்று ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். அப்புறம் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவம். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. சங்கப் பதிவு செய்தது மட்டும்தான் இருக்கிறது. அதுவும் 2016-இல். அதன்பிறகு ஆண்டுதோறும் பதிவாளர் அலுவலகத்தில் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்தீர்களா? பத்து மன்றங்களில் ஏழு இந்தக் கேள்விக்குச் சிரிக்கும். முதல் வேலையாக அந்த பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். மன்றத்தின் பெயரில் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் இல்லையென்றால் எடுங்கள். தொண்டு அமைப்புகளுக்கான ‘தர்பன்’ என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்யக் கட்டணமே இல்லை. இதற்கு 15,000 ரூபாய் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, மாமா விஷயம். நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு போய் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட்?

இந்திய பாஸ்போர்ட்தான், அங்கே வேலை பார்க்கிறார், அவ்வளவுதான் என்றால் கவலை இல்லை. அவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதையே வேறு. சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் வெளிநாட்டவர்தான். டாலராக அனுப்பாமல் இங்கே உள்ள வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாக அனுப்பினாலும் அப்படித்தான். திருவிழாவுக்கு வந்தபோது ரொக்கமாகக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான். யார் பணம் என்பதுதான் கேள்வி, எந்த நோட்டு என்பதல்ல. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் உங்கள் மன்றம் அதைத் தொடக்கூடாது. அந்தப் பதிவுக்கு மன்றம் மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் தன் முக்கிய வேலைக்கு 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு டெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரே ஒரு கிளையில். செய்யாறு ஜமாவுக்கு டெல்லியில் கணக்கு! சட்டம் போட்டவர்களுக்கு விடிய விடிய ஆடிவிட்டு வேனில் தூங்கிக்கொண்டே ஊர் திரும்புகிற ஆட்களைப் பற்றி என்ன தெரியும்?

‘அப்படியென்றால் மாமா என் சொந்தக் கணக்குக்கு அனுப்பட்டும், நான் மன்றத்துக்குக் கொடுக்கிறேன்’ என்று அடுத்து தோன்றும். தோன்றவேண்டாம். உறவினர் தருவதற்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் யார் உறவினர் என்று அது ஒரு பட்டியலைக் காட்டுகிறது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். தாய்மாமன் இல்லை. காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொள்ளும் மாமன், கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவரும் மாமன், சட்டப்படி உறவே இல்லை. எனவே பாஸ்போர்ட் கனடாவுடையது என்றால் மாமாவிடம் அன்பாகச் சொல்லி, பணத்தை அவரிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பெரிய வெளிநாட்டு அறக்கட்டளைகளின் பணமும் இதனால்தான் உங்களை எட்டாது. முன்பெல்லாம் ஒரு நிறுவனம் வெளிநாட்டு நிதியை வாங்கி, ஊர் ஊராகச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020-இல் சட்டத்தைத் திருத்தி அதை நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்தான் செலவழிக்க வேண்டும், இன்னொருவருக்கு மாற்றக்கூடாது. உங்கள் தரகர் ‘ஃபாரின் ஃபண்ட், நடுவில் ஒரு டிரஸ்ட் வழியாக வரும்’ என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு வாக்கியமே போதும், அவரை வாசலோடு அனுப்பிவிட.

பிறகு யாரிடம்தான் கேட்பது? உங்களுக்குப் பொருந்துகிற ஒரு கதவை மட்டும் சொல்கிறேன். பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இருக்கிறது. 1993-இல் தொடங்கியது, 1995 முதல் நிதியுதவி தருகிறது. தனி ஆளாகவும் கேட்கலாம் என்பதால் 12ஏ இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். ‘இங்கிலீஷில் புரபோசல் எழுத ஆள் வேண்டும்’ என்ற தரகரின் கடைசி ஆயுதமும் அங்கே செல்லாது. மேளம், உடை வாங்கச் சின்னத் தொகை வேண்டுமென்றால் சென்னையில் தமிழக அரசின் இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. மத்திய கலாச்சார அமைச்சகத்திலும் குரு–சிஷ்யத் திட்டம் இருக்கிறது. ஆனால் பணம் வந்து சேர்வதற்குள் சிஷ்யனே குருவாகிவிடுவான்.

என்ன எழுதுவது? விண்ணப்பங்களில் ‘உங்கள் முயற்சியில் புதுமை என்ன’ என்று ஒரு கேள்வி எப்படியும் இருக்கும். எனக்கு எரிச்சலூட்டும் கேள்வி இது. ஒவ்வொரு ராத்திரியும் அந்தந்த ஊர் வம்பை இழுத்துப் பேசும் கட்டியங்காரனிடம், கூத்தின் கோமாளியிடம் போய்ப் புதுமை கேட்கிறார்கள். இருந்தாலும் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். பெண்பிள்ளைகள் வேஷம் கட்டப்போகிறார்கள் என்பதை எழுதுங்கள். ஆனால் ‘வரலாற்றில் முதன்முறையாக’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் தன் குருகுலத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து மேடையேற்றியிருக்கிறது. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அது தெரியும். அங்கே என்ன நடந்தது, நீங்கள் எங்கே வேறுபடுகிறீர்கள் என்று நாலு வரி எழுதினால் மதிப்பு கூடும்.

தொகையைக் குறைத்தே கேளுங்கள். 14 பேருக்கு 20 நாள் ஒத்திகை, ஆளுக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் என்றால் 1,68,000. அப்புறம் விளக்கு, உடை, சொல்லித்தருபவருக்கான தொகை, பிள்ளைகளின் பஸ் செலவு. நாலு லட்சத்துக்குள் அடக்கலாம். முதல் தடவையே 20 லட்சம் கேட்கும் மன்றத்தைப் பார்த்தால் கொடுப்பவருக்குப் பயம் வரும். வாங்கியவருக்கும் அது நல்லதல்ல. சென்னையின் நாடகக் குழுவான கூத்துப்பட்டறைக்கு அமெரிக்காவின் ஃபோர்ட் ஃபவுண்டேஷன் நிதி வந்தபோது நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடிந்தது. நவீன நாடகத்தில் அது பெரிய காரியம். வெளிநிதி நின்றபிறகு அதே சம்பளத்தைக் கொடுப்பது பெரும்பாடாகிவிட்டது. எனவே மாதச் சம்பளம் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், இத்தனை நாள் வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள்.

கணக்கில் உங்களுக்குத் தலைவலி தரப்போவது பெரிய செலவல்ல. கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் செதுக்கக் கல்யாண முருங்கை மரம் வேண்டும். யாரோ ஒருவர் வேலியில் நிற்பதை வெட்டிக் கொடுப்பார், கையில் 800 ரூபாய் வாங்கிக்கொள்வார். நிதியுதவி தரும் ஓர் அறக்கட்டளையில் இதற்கு ஜி.எஸ்.டி. பில் கேட்டார்கள். வேலி மரத்துக்கு ஜி.எஸ்.டி.! நான் போனில் சத்தம் போட்டபிறகுதான் வவுச்சரை ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் முதலிலேயே ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, தேதி, கையெழுத்து அல்லது கைநாட்டு. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். விடிந்ததும் பங்கு பிரிக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். முகவீணைக்காரர் வண்டி ஏறிவிட்டால் அடுத்த கூத்துவரை பிடிக்க முடியாது. முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள். எல்லாருக்கும் போனில் ஜி-பே இருக்கிறது, ‘எங்களுக்கு ரொக்கம்தான் பழக்கம்’ என்பதெல்லாம் இனி செல்லாது.

விண்ணப்பத்தை இப்போதே அவசரமாக எழுத வேண்டாம். பங்குனியில் கூத்து தொடங்கினால் ஆடி, ஆவணி முடிகிறவரை யாருக்கும் உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது. ஐப்பசி மழையில் ஜமா சும்மா இருக்கும்போது, பாக்கிக் கணக்குகளைத் தாக்கல் செய்து முடித்துவிட்டு, நீங்களும் பின்பாட்டுக்காரரும் ஒரு பெண்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள்.

தரகருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் பதிவுத் தபாலில் கடிதம் போட்டுத் திருப்பிக் கேளுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள். லெட்டர்பேடில் ஏற்கெனவே சில தாள்களைக் கிழித்துக் கொடுத்திருந்தால் மன்றக் கூட்டம் போட்டு, அந்த லெட்டர்பேடும் சீலும் இனி செல்லாது என்று தீர்மானம் எழுதி, வங்கிக்கு ஒரு நகலைக் கொடுத்துவிட்டுப் புது சீல் செய்துகொள்ளுங்கள்.