ஐதரசன் நமக்கு எங்கே உதவும்? சேரிடம் கேட்ட கேள்விகள்

உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன் என்பதால், ஐதரசன் பற்றிச் சேர்ந்த கேள்விகளை என்னிடம் தந்தார்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடி: சேர், 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கூரைச் சோலாரைப் பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அந்த வெயிலை ஐதரசனாக்கி இரவுக்கு வைத்திருக்க ஏலாதா?

ஏலும், ஆனால் நட்டம் பெரிது. 100 யூனிட்டைக் கொடுத்து நீரைப் பிரித்து, ஐதரசனை அமுக்கி வைத்து, இரவில் எரிபொருள் கலத்தில் (ஐதரசனை ஒட்சிசனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கும் கருவி) திரும்ப மின்சாரமாக்கினால் 30, 35 யூனிட்தான் கைக்கு வரும். லித்தியம் பற்றரியில் 85 வரும். மத்தியான வெயிலை இரவுக்குக் கொண்டுபோக பற்றரியே போதும். மாதக்கணக்கில் சேமிக்க வேண்டிய குளிர் நாடுகளுக்குத்தான் கணக்கு மாறும்.

சம்மாந்துறை: நான் வயல்காரன். எல்லாரும் கார், பஸ் என்றே பேசுகிறார்கள். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

காக்கா, நான் காத்திருந்த கேள்வி இது. ஐதரசன் உங்கள் வயலுக்கு எப்போதோ வந்துவிட்டது, யூரியாவாக. காற்றிலுள்ள நைதரசனோடு ஐதரசனைச் சேர்த்தால் அமோனியா, அதிலிருந்து யூரியா. 50 கிலோ மூடை ஒன்றுக்கு ஏறக்குறைய 28 கிலோ அமோனியா வேண்டும். அதற்குள் 5 கிலோ ஐதரசன். இன்று அது பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருகிறது. வாயுவிலிருந்து எடுத்தால் 1 கிலோ ஐதரசனுக்கு 9, 10 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். அதையே சோலார் மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுக்க, மூடைக்கு 250 யூனிட்டுக்கு மேல் போகும். விலை அங்கேதான் இடிக்கிறது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது வயல் பட்ட பாட்டை நீங்கள் நேரில் பார்த்தவர். காரை நேராக மின்சாரத்தில் ஓட்டலாம். பசளைக்கு அந்த வழி இல்லை, ஐதரசன் வேண்டியே ஆகும். சுத்தமான ஐதரசன் கொஞ்சம்தான் கிடைக்குமென்றால், முதல் பங்கு பசளைக்கே போக வேண்டும் என்பேன். அடுத்தது உருக்கு. சுவீடனின் லூலியோவில் 2021இல் நிலக்கரி இல்லாமல், ஐதரசனைக் கொண்டே தாதிலிருந்து இரும்பு எடுத்துவிட்டார்கள். கரிப்புகைக்குப் பதில் நீராவி.

வாழைச்சேனை: மீன்பிடிக்கு வருமா அண்ணன்?

வாவிக்குள் போய்வரும் தோணிக்குப் பற்றரி போதும் தம்பி. பலநாள் படகுக்கு இடம்தான் பிரச்சினை. 700 பார் அமுக்கத்தில் அடைத்தாலும், 1 லீற்றர் டீசலின் சக்திக்கு ஐதரசன் 7 லீற்றர் இடம் கேட்கும். தாங்கியின் தடித்த சுவர் வேறு. பிறகு ஐஸை எங்கே வைப்பது? பெரிய கப்பல்களுக்கு எரிபொருளாக அமோனியா, மெதனோல் என்று பார்ப்பது அதனால்தான்.

கல்முனை: சமையலுக்கு?

வேண்டாம். பகலில் அந்தச் சுவாலை கண்ணுக்கே தெரியாது. மின் அடுப்பு வாங்குங்கள்.

கல்லடி, மாணவி: கடல் தண்ணீரையே பிரிக்கலாமே சேர்?

நேரடியாகப் பிரித்தால் உப்பிலிருந்து குளோரீன் கிளம்பும், மகள். உப்பை அகற்றிய நீர்தான் வேண்டும், 1 கிலோ ஐதரசனுக்கு 9 லீற்றர். உப்பை அகற்றும் மின்செலவு மிகச் சிறிது.

வீட்டில் செய்து பாருங்கள். ஜாம் போத்தலில் தண்ணீர், ஒரு கரண்டி அப்பச்சோடா (கறியுப்பு போடக் கூடாது), இரண்டு பென்சில் கரி, ஒரு 9 வோல்ற்று பற்றரி. மறைமுனையோடு தொடுத்த கரியில் குமிழ்கள் நுரைபோல ஏறும், மற்றதில் பாதியளவுதான். நிறைய ஏறுகிற பக்கம் ஐதரசன். யன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்புப்பெட்டி இருக்கக் கூடாது.