எலி தாங்கியது, நாம் தாங்குவோமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுக்குக் கீழே கோவாவும் லீக்ஸும் போட்டிருக்கிறார்கள். மருந்தடித்த மறுநாள் எங்கள் நாய் எச்சில் ஒழுக நடுங்கியது. கண்பாவை கடுகளவாகச் சுருங்கிக் கிடந்தது. மிருக வைத்தியர் அட்ரோபின் ஊசி போட்டுக் காப்பாற்றினார். இந்த மருந்துகளும் நரம்பு நச்சு வாயுவும் ஒரே குடும்பம் என்கிறார்கள். ஆனால் சரின் என்ற அத்தகைய நச்சின் ஆவியில், குறைந்த அளவில், எலிகளை வைத்தபோது கண் சுருங்கியதைத் தவிர பெரிதாக எதுவும் ஆகவில்லை என்றும் வாசித்தேன். அப்படியானால் பயப்பட வேண்டியதில்லைதானே?

வாசகர், கந்தப்பளை

அன்புள்ள நண்பருக்கு,

நாய் பிழைத்ததில் மகிழ்ச்சி. உறவு உண்மைதான். ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் 1936இல் பூச்சிகொல்லி தேடப்போய்த்தான் தபூன் என்ற நரம்பு நச்சைக் கண்டுபிடித்தார். 1938இல் சரின் வந்தது. இலங்கை 1995இல் தடைசெய்த பூச்சிகொல்லிகளான மோனோகுரோட்டோபாஸும் மெத்தமிடோபாஸும் அதே ஆர்கனோபாஸ்பேட் வம்சம். வீரியத்தில் சரினுக்கு அவை கிட்டவும் வராது. ஆனால் கொல்லும் வழி ஒன்றே. நரம்பு விடும் கட்டளையை முடித்துவைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியை இவை முடக்கிவிடுகின்றன. கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில் வழியும், தசை துடிக்கும், முற்றினால் மூச்சு நிற்கும்.

"கண் சுருங்கியதைத் தவிர" என்று நீங்கள் எளிதாகத் தாண்டிவிட்டீர்கள். ஆவி நேரே கண்ணில் படுவதால், இரத்தத்தில் நொதி அதிகம் குறையுமுன்பே பாவை சுருங்கிவிடும். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் பரவியபோதும் பலர் கண் இருட்டுகிறது என்றுதான் சொன்னார்கள். அது சில்லறை விளைவு அல்ல, முதல் எச்சரிக்கை.

அடுத்து, எலியை நம்பி நாம் துணிய முடியாது. அதன் இரத்தத்தில் கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற இன்னொரு நொதி தாராளமாக உண்டு. உள்ளே வரும் சரினில் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. நம் இரத்தத்தில் அந்தக் காவல் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் கினிப் பன்றியையும் குரங்கையும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாடு வளர்க்கிறவர்களுக்கு ஒன்று. 1968 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் விஎக்ஸ் என்ற இன்னொரு நரம்பு நச்சைத் தெளித்துச் சோதித்தபின், பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்தன. அங்கிருந்த புல்லிலும் பனியிலும் அந்த நச்சு இருந்தது. விஎக்ஸ் எளிதில் ஆவியாகாது, துளியாகப் படிந்து கிடக்கும். பூச்சிமருந்தும் புல்லில் படியலாம் என்பதால், மருந்தடித்த பாத்தியின் ஓரத்தில் புல் அறுக்காதீர்கள்.

உண்மையில் எனக்கு நாயைவிட டேங்கியைத் தோளில் மாட்டுகிறவரைப் பற்றித்தான் கவலை. சிவப்பணுவில் முடங்கிய நொதி பெரும்பாலும் புதிய அணுக்கள் பிறந்தால்தான் ஈடாகும். ஓர் அணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். வாரம்தோறும் மருந்தடிக்கிறவருக்கு ஒரு நாளைய குறைவு சிறியதாக இருக்கலாம், ஆனால் அது தேறுமுன் அடுத்தது வந்து சேர்கிறது. அவரைத் தெரியுமென்றால், பருவம் தொடங்குமுன் ஒரு தடவையும் நடுவில் ஒரு தடவையும் கோலினெஸ்டரேஸ் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் இயல்பான அளவே வெகுவாக மாறுபடுவதால், முதல் எண் கையில் இல்லாமல் இரண்டாவதை வைத்து வைத்தியரால் அதிகம் சொல்ல முடியாது.