நாய்க்கு மூட்டுவலி: டப்பா வாங்கும் முன் எடை பாருங்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எந்த சப்ளிமெண்ட் நல்லது?" என்றே தொடங்குகின்றன. நாயின் எடையையும் சேர்த்து எழுதியவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் லாப்ரடாருக்கு 8 வயது, 38 கிலோ. காலையில் எழுந்ததும் பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு தேய்மானம் என்றார்கள். மூன்று மாதமாகக் குளுக்கோசமைன் என்ற மூட்டு சப்ளிமெண்ட் கொடுத்தும் பலன் இல்லை. வேறு எது வாங்கலாம், டாக்டர்? (கோவை)

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நடுத்தர உடல்வாகுள்ள லாப்ரடாருக்கு 30, 32 கிலோ போதும். உங்கள் பையன் தேய்ந்த இடுப்போடு ஆறு கிலோ அரிசிப் பையையும் சேர்த்துச் சுமக்கிறான். அவனுடைய விலாவைத் தடவிப் பாருங்கள். புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுகிறதல்லவா, அந்த அளவுக்குத் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு.

எடையில் 6 சதவீதம் இறங்கியதுமே நொண்டல் குறைந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். இவனுக்கு அது இரண்டேகால் கிலோதான். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. அதில் பாதி நாய்களுக்குக் கால் பங்கு சாப்பாட்டைக் குறைத்தே கொடுத்தார்கள். அவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு தேய்மானமும் தள்ளிப்போனது. எந்த டப்பாவும் இதைச் செய்ததாக நான் பார்த்ததில்லை.

30 கிலோவை இலக்காக வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி. பாக்கெட்டில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து தராசில் நிறுத்துப் போடுங்கள், டம்ளர் கணக்கு வேண்டாம். வாரம் அரை கிலோ இறங்கினால் நல்ல வேகம். டீ நேரத்தில் தாத்தா நீட்டும் பிஸ்கட்டும் இந்த 900-க்குள்தான் வர வேண்டும். என் அனுபவத்தில் நாயைவிட தாத்தாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.

குளுக்கோசமைனை நிறுத்திவிடலாம். மூன்று மாதம் நியாயமான அவகாசம். 2022-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோதும், வலி விஷயத்தில் குளுக்கோசமைனும், அதோடு சேர்த்து விற்கும் காண்ட்ராய்டினும் தேறவில்லை. தேறியவற்றில் முக்கியமானது ஒமேகா-3. அதைப் பற்றித்தான் அடுத்த கேள்வி.

மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் கொடுக்கலாமா? எங்கள் ஊரில் சாளை மலிவு, அதுவே போதுமா? நாய் 20 கிலோ. (நாகர்கோவில்)

இரண்டுமே நல்லது, ஆனால் அளவு முக்கியம். மீன் எண்ணெயில் வேலை செய்பவை இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள்தான். மூட்டுவலிக்கு இரண்டும் சேர்த்து, கிலோ எடைக்கு 100 மில்லிகிராம் அளவில் கொடுப்பது வழக்கம். உங்கள் நாய்க்கு 2000 மில்லிகிராம். '1000 மில்லிகிராம்' என்று பெரிதாக அச்சடித்த சாதாரண கேப்ஸ்யூலைத் திருப்பிப் பாருங்கள், இவை இரண்டும் சேர்ந்து 300-தான் இருக்கும். அப்படியானால் ஆறு, ஏழு கேப்ஸ்யூல் ஆகும். ஒன்றைக் கொடுத்துவிட்டு "பலனில்லை" என்பவர்கள் நிறைய. எடுத்ததும் ஏழையும் கொடுத்தால் வயிற்றால் போகும். ஒன்றில் ஆரம்பித்து இரண்டு, மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். நாய்க்கு அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால், மீன் எண்ணெய் கொடுப்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காட் லிவர் ஆயில் வேறு, அதை இந்த அளவில் கொடுத்தால் வைட்டமின் ஏ மிதமிஞ்சிப் போகும்.

சாளையை உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் சேர்க்காமல், முள் மசியும்வரை குக்கரில் வேகவையுங்கள். அதன் கொழுப்பு சீசனுக்குச் சீசன் மாறும், அதனால் கேப்ஸ்யூல் கணக்கு இதற்கு ஒத்துவராது. சாப்பாட்டில் ஒரு பங்காக வைத்துக்கொள்ளலாம். கருவாடு வேண்டாம், அவ்வளவும் உப்பு.

நாங்கள் சைவம். பாமரேனியனுக்குத் தயிர்சாதம்தான். மீனுக்குப் பதில் ஆளிவிதை போடலாமா? (ஸ்ரீரங்கம்)

ஆளிவிதையில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. நாயின் உடல் அதை இ.பி.ஏ.வாக மாற்றுவது மிகக் குறைவு. பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் கிடைக்கிறது, அது சைவம்தான். இ.பி.ஏ.வும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் டி.எச்.ஏ. மட்டுமே இருக்கும். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் சின்ன நாய்க்குக் கொஞ்சம்தான் தேவைப்படும்.

எனக்கு அதைவிடக் கவலை தயிர்சாதம். மூட்டைப் பிடித்து நிறுத்துவது தசை, தசைக்கு வேண்டியது புரதம். பனீர், வேகவைத்த மீல் மேக்கர், குழைந்த பருப்பு சேர்த்து சாதத்தைக் குறையுங்கள். முட்டைக்கு வீட்டில் ஆட்சேபம் இல்லை என்றால் இன்னும் நல்லது. அப்புறம், வழுக்கும் டைல்ஸ் தரையில் அது நடக்கும் வழியெல்லாம் மிதியடி போடுங்கள்.

நான்கு மாத ராட்வீலர் குட்டி. எலும்பு பலமாக இருக்கட்டும் என்று கால்சியம் சிரப்பும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுக்கிறோம். சரிதானே? (மதுரை)

சரியில்லை. பெரிய இனக் குட்டிகளால் அதிகப்படியான கால்சியத்தைத் தடுத்து வெளியேற்ற முடியாது. அது எலும்பும் குருத்தெலும்பும் வளரும் விதத்தையே கெடுக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் தீவனம் கொடுத்தால் சிரப்புக்கு இடமே இல்லை. வெறும் சாதமும் கறியும்தான் என்றால் கதை வேறு: கால்சியம் பற்றாது, ஆனால் அளவை டாக்டர்தான் கணக்கிட வேண்டும். சூப்பில் கால்சியம் கொஞ்சம்தான். உங்களுக்கு வைத்ததில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாய்க்கு நஞ்சு.

வலி தாங்காமல் முனகும்போது வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலோ டைக்ளோபினாக்கோ பாதி கொடுக்கலாமா? (சேலம்)

கூடாது. கால் மாத்திரைகூடக் கூடாது.

எங்கள் நாட்டு நாய்க்கு 3 வயதுதான். நேற்று முன்னங்கால், இன்று பின்னங்கால் என்று மாறி மாறி நொண்டுகிறது, சாப்பிடவும் இல்லை. மஞ்சள் கலந்து கொடுக்கலாமா, மூட்டு மாத்திரை வாங்கட்டுமா? (திருநெல்வேலி)

இந்த வயதில், இப்படிக் கால் மாறி நொண்டி, சாப்பாட்டையும் விட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சலை. நம் ஊரில் அது சாதாரணம், மூட்டு வீக்கத்தையும் வலியையும் கொண்டுவரும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் உடம்பில் சரியாகச் சேர்வதே இல்லை, அதைக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம். இன்றே கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கிளம்பும் முன் காது மடிப்பிலும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.