பிறந்த நாளில் ஒலித்த வானொலி: அந்த 240 பவுண்டைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் கணவரின் அம்மா 1946 அக்டோபர் 7 அன்று இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். அவர் பிறந்த அன்று பி.பி.சி.யில் ஒலித்ததையெல்லாம் எண்பதாவது பிறந்த நாளுக்குப் பரிசாகக் கொடுக்க ஆசை. அன்றைய முழுநாள் ஒலிபரப்பும் தன்னிடம் இருப்பதாக இணையத்தில் ஒருவர் சொல்கிறார். பென் டிரைவில் போட்டுத்தர 240 பவுண்டு கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். அன்றைய ஒலிபரப்பைக் காலையிலிருந்து இரவுவரை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. இல்லாத சரக்குக்கு விலை பேசுகிறார் அவர்.

ஏன் இல்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போது பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரலை. பதிவு செய்ய வேண்டுமென்றால் அரக்கு பூசிய இசைத்தட்டில் செய்வார்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் நான்கு நிமிடம்தான் பிடிக்கும். ஒரு நாளில் 16 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் ஓர் அலைவரிசைக்கு மட்டும் 240 பக்கங்கள் ஆகும். போர் முடிந்து ஓராண்டு ஆன, எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடாக இருந்த நாட்டில் யார் அதைச் செய்வார்கள்? முக்கியம் என்று தோன்றிய சில பேச்சுகள், செய்தித் துண்டுகள், நாடகங்கள் மட்டும் தேறின. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

அப்படியென்றால் இவர்கள் எதைத்தான் விற்கிறார்கள்? வெவ்வேறு ஆண்டுகளின் துண்டுகளை ஒட்டி விற்கிறார்கள். சிலர் அமெரிக்க ஒலிபரப்பையே தலையில் கட்டிவிடுகிறார்கள். வாஷிங்டனில் டபிள்யூ.ஜே.எஸ்.வி. என்ற நிலையம் 1939 செப்டம்பர் 21 அன்று தன் ஒலிபரப்பை முழுநாளும் பதிவு செய்தது. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை வெட்டி ஒட்டினால் கேட்பவருக்கு 'பழைய ரேடியோ' போலத்தான் இருக்கும். நடுவில் சோப்பு விளம்பரம் வந்தால் அது பி.பி.சி. இல்லை. பி.பி.சி. வானொலி வைத்திருந்தவர்கள் கட்டிய உரிமக் கட்டணத்தில் ஓடியது, விளம்பரம் வாங்கியதில்லை.

இன்னொரு சோதனை இருக்கிறது, காது மட்டும் போதும். மணி அடிக்கும் நேரத்துக்கு முன்னால் ஆறு 'பிப்' ஒலிகள் வரும், கிரீன்விச் நேரக் குறி. இன்று கேட்டால் ஆறாவது மட்டும் நீளமாக இருக்கும். அந்த நீளம் 1972-இல் வந்தது. 1946-இல் ஆறும் ஒரே அளவு. ஒரு மணி முடிந்து அடுத்த மணி தொடங்கும் இடத்தை மாதிரியாக அனுப்பச் சொல்லுங்கள். கடைசி பிப் இழுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, எது கிடைக்கும்? நிகழ்ச்சிப் பட்டியல் கிடைக்கும். பி.பி.சி.யின் நிகழ்ச்சிகளை அச்சிட்ட 'ரேடியோ டைம்ஸ்' வார இதழின் பழைய பட்டியல்களை பி.பி.சி. 'ஜீனோம்' என்ற இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேதியைப் போட்டுத் தேடுங்கள். உங்கள் மாமியார் பிறந்தது சாதாரண திங்கட்கிழமை இல்லை. அன்று மதியம் 2 மணிக்கு பி.பி.சி.யின் பொழுதுபோக்கு ஒலிபரப்பான லைட் புரோகிராமில் 'உமன்ஸ் அவர்' முதன்முறையாக ஒலித்தது. பெண்களுக்கான அந்த நிகழ்ச்சியை முதலில் தொகுத்து வழங்கியவர் ஆலன் ஐவிமி என்ற ஆண். அன்று மாலை 6.45-க்கு 'டிக் பார்ட்டன்' துப்பறியும் தொடரும் தொடங்கியது. 'உமன்ஸ் அவர்' இன்றும் ஓடுகிறது. உங்கள் மாமியாரும் அதுவும் ஒரே வயது என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது நியூகாசில். லைட் புரோகிராம் நீள அலையில் 1500 மீட்டரில் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பி.பி.சி.யின் இன்னொரு ஒலிபரப்பான ஹோம் சர்வீஸ் அப்படியில்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். அதிலும் நியூகாசில் தனிக்கதை. அலைவரிசைகள் போதாமல் வடகிழக்கு இங்கிலாந்தையும் வட அயர்லாந்தையும் ஒரே அலைவரிசையில் கட்டிப்போட்டார்கள். பெல்ஃபாஸ்ட்காரர்களுக்கான நிகழ்ச்சியை நியூகாசிலில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. மக்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள், 1963-இல்தான் பிரித்தார்கள். எனவே ஜீனோமில் லண்டனுக்கான ஹோம் சர்வீஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு, 'உங்கள் அம்மா வீட்டில் இதுதான் ஒலித்தது' என்று அச்சடித்துக் கொடுத்துவிடாதீர்கள். லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் பொருந்தும் வட இங்கிலாந்துப் பட்டியல்கூட அங்கே முழுக்கப் பொருந்தாது.

அசல் இதழையே வாங்க நினைத்தால் அதிலும் ஒரு குழி. ரேடியோ டைம்ஸ் அப்போது ஞாயிறு முதல் சனி வரையான வாரத்துக்கு, முந்தைய வெள்ளிக்கிழமையே தேதியிட்டு வரும். உங்களுக்கு வேண்டியது அக்டோபர் 4 தேதியிட்டது. பலர் 11-ஆம் தேதி இதழை வாங்கி ஏமாறுகிறார்கள். திங்கட்கிழமைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, எந்த வட்டாரப் பதிப்பு என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இரண்டு பென்னிக்கு விற்ற இதழ் அது.

அச்சான பட்டியலுக்கும் உண்மையில் ஒலித்ததற்கும் வேறுபாடு உண்டு. உண்மையில் ஒலித்தது என்ன என்று அன்றன்றே எழுதிய பதிவேடு, ரெடிங் அருகே கேவர்ஷாமில் உள்ள பி.பி.சி. எழுத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, ஆய்வாளர்களுக்கே வரிசை. குடும்பத்துக்காகக் கேட்பவரின் கடிதம் அடியில்தான் கிடக்கும். எனக்கு இதில் கோபம் உண்டு. 1946 ஜூனில் உரிமக் கட்டணத்தைப் பத்து ஷில்லிங்கிலிருந்து ஒரு பவுண்டாக, ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார்கள். அதைக் கட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு பக்கத்தைப் பார்க்க ஏன் இத்தனை படி ஏற வேண்டும்? கதவு திறந்திருந்தால் இந்தப் பென் டிரைவ் வியாபாரிக்கு வேலையே இருக்காது.

அதனால் கேவர்ஷாமுக்கு எழுதிக் காத்திருப்பதைவிட நியூகாசில் நகர நூலகத்துக்குப் போங்கள். உள்ளூர் நாளிதழ்களை நுண்படச் சுருளில் வைத்திருக்கிறார்கள். 1946 அக்டோபர் 7 இதழைக் கேட்டு, வானொலிப் பட்டியல் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டாமல் அந்தத் தாளை முழுதாக நகலெடுத்து வாருங்கள். உங்கள் மாமியார் பிறந்த வீட்டில் அன்று விரித்துப் படித்தது அதே தாளாக இருந்திருக்கலாம்.