தேக்கு வளையத்தை எண்ணிய பெண்ணுக்கு என்ன படிப்பு?

போச்சம்பள்ளி ஐயாவுக்கு வணக்கம்.

பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராயும் படிப்பு வேண்டும் என்கிற மகளை அழைத்துக்கொண்டு, வழி கேட்கப் போன வாரம் தருமபுரிக்கு என்னிடம் வந்திருந்தீர்கள். அரை மணி நேரத்தில் மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "லட்சம் வருஷத்துக்கு முன்னால் மழை பெய்ததா இல்லையா என்று தெரிந்துகொண்டு யாருக்குச் சோறு கிடைக்கும்?" அன்று வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள், மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

நீங்கள் டீ குடிக்க வெளியே போயிருந்தபோது, என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கும் தேக்குத் துண்டை எடுத்து, பேனா முனையால் வளையங்களை எண்ணினாள் உங்கள் மகள். ஆண்டுக்கு ஒரு வளையம், மொத்தம் முப்பத்தொன்று. நடுவில் மூன்று மட்டும் நூலிழைபோல ஒட்டிக் கிடந்தன. "மழை பொய்த்த வருஷங்கள்" என்று நான் முந்திக்கொண்டேன். அவள் ஒப்பவில்லை. "பக்கத்து மரம் நிழல் கட்டியிருந்தாலும் இப்படித்தானே சார் இருக்கும்?" என்றாள்.

அவள் கேட்டதுதான் சரி. ஒற்றை மரத்தை நம்பி யாரும் பஞ்சம் என்று எழுதுவதில்லை. அதே காட்டில் பல மரங்களின் வளையங்களை வரிசைப்படுத்தி, எல்லாவற்றிலும் அதே ஆண்டு குறுகியிருந்தால்தான் ஏற்பார்கள். இந்தச் சந்தேகபுத்தி இல்லாத நூற்றுக்கு நூறு மதிப்பெண் இந்தத் துறையில் உதவாது. (இதற்காகத் தோப்பில் கோடரி வைத்துவிடாதீர்கள். மாமரத்தில் வளையம் தேக்கைப்போல அவ்வளவு தெளிவாக விழாது.)

மரம் சில நூறு ஆண்டுகளைச் சொல்லும். அதற்கு முந்தைய கதைக்கு வேறு சாட்சிகள் வேண்டும். நீலகிரிச் சதுப்புகளில் முழுதும் மக்காத தாவரங்கள் அடுக்கடுக்காகக் கருஞ்சேறாகப் படிந்திருக்கின்றன. யானை ஆய்வாளர் என்று நாம் அறிந்த ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அந்தச் சேற்றிலுள்ள கார்பனை அளந்து 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வறண்ட காலத்துப் புற்களும் ஈரமான காலத்துச் செடிகளும் கார்பனின் இரண்டு வகைகளை வெவ்வேறு விகிதத்தில் உடலில் சேர்க்கின்றன. செடி மட்கினாலும் அந்த விகிதம் சேற்றில் தங்கிவிடுகிறது. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது நம் மலைகள் வறண்டு புல்வெளியாகக் கிடந்தன என்று அதிலிருந்து படித்தார்கள்.

அடுக்கின் வயதைச் சொல்வது கார்பன் 14. 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும் கதிரியக்கக் கார்பன் அது. உங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்களே, அந்தக் கணக்கும் இதே முறையில் வந்ததுதான். சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் இந்த முறை கைவிட்டுவிடும். அப்போது அண்டார்டிகா போக வேண்டும். அங்கே டோம் சி என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளைத்து எடுத்த பனித்தண்டில் எட்டு லட்சம் ஆண்டுகளின் காற்று குமிழ்களாக அடைபட்டிருக்கிறது.

"தட்பவெப்பம் இயற்கையாகவே மாறுவது என்றால் அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்றும் கேட்டீர்கள். எந்த வேகத்தில் மாறியது என்பதைத்தான் ஆராய்கிறார்கள். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறுவதால் பனியுகங்கள் வந்து போயின. அந்தக் குமிழ்களில் கார்பன் டை ஆக்சைடு, பனியுகத்தில் பத்து லட்சத்துக்குச் சுமார் 180 பங்கு, வெப்பமான காலத்தில் சுமார் 280. அந்த ஏற்றத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. இன்று 420ஐத் தாண்டிவிட்டது; 280இலிருந்து இங்கே வர இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளே ஆயின. பழைய கணக்கு கையில் இல்லையென்றால் இது அசாதாரணம் என்று சொல்லவே முடியாது.

இனிப் படிப்பு. விண்ணப்பத்தில் 'புவியியல்' என்று இருந்தால் அது ஜியாகிரஃபி. மகளுக்கு வேண்டியது 'நிலவியல்', அதாவது ஜியாலஜி. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஓராண்டைத் தொலைத்த மாணவனை எனக்குத் தெரியும். சேலம் அரசு கலைக் கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது. சென்னையில் மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. வேதியியலை விடக் கூடாது; இந்த வேலையில் பாதி அதுதான். பிறகு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. சேரலாம். ஆராய்ச்சிக்கு லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் ஆகியவை இருக்கின்றன.

ஆராய்ச்சி என்றால் இருபத்தேழு, இருபத்தெட்டு வயது ஆகிவிடும். இதை மறைக்க மாட்டேன். தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அவ்வளவு காலம் வேண்டாம் என்றால், எம்.எஸ்சி. முடித்ததும் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை (ஜி.எஸ்.ஐ.), மத்திய நிலத்தடி நீர் வாரியம் இரண்டுக்கும் அதில்தான் ஆள் எடுக்கிறார்கள். போர் போட்டுத் தண்ணீர் வராமல் நொந்த உங்களுக்கு நிலத்தடி நீர் படித்தவரின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒருமுறை எனக்குக் காட்டுங்கள். மகளும் கூட வரட்டும். தேக்குத் துண்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். அன்று கேட்டு வாங்கிப் போனாள். மேசையில் காகிதமெல்லாம் பறக்கிறது.